மலை உச்சியில உக்காந்து வலசை போற பருந்துகளை எண்ணுறது எப்படி

பருந்து எண்ணுறதுன்னா எல்லா பறவை பேரும் மனப்பாடமா தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான்னு நினைச்சு நிறைய பேரு ஒதுங்கிடுறாங்க, ஆனா ஒரு நாள் உக்காந்து பாத்தா புரிஞ்சிடும், பேரு கண்டுபிடிக்கிறது இதுல பாதி வேலை கூட கிடையாது. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே மாதிரி வானத்தைத் தேடணும், வந்ததை வந்தபடி எழுதணும், தெரியாததை தெரியலன்னே எழுதணும், ஒண்ணுமே வராத மணி நேரத்தையும் விடாம எழுதணும். அவ்ளோதான் வேலை. கேக்க சுலபமா இருக்கும், மூணாவது மணி நேரத்துல கழுத்து வலிக்க ஆரம்பிக்கும்போதுதான் இதுக்கு எவ்ளோ பொறுமை வேணும்னு தெரியும்.

முதல்ல ஏன் மலைக்குப் போகணும்னு பாத்துடலாம், ஏன்னா இது புரிஞ்சாத்தான் எங்க உக்காரணும், எந்தப் பக்கம் பாக்கணும்னு தெரியும். பெரிய இறக்கை உள்ள பருந்து, கழுகு எல்லாம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரை இறக்கை அடிச்சே கடக்க நினைச்சா உடம்புல இருக்குற கொழுப்பெல்லாம் பாதி வழியிலயே காலியாயிடும். அதனால அதுங்க காத்தை வாகனமா வெச்சுக்குது. வெயில் ஏற ஏற தரை சூடாகி அங்கங்க சூடான காத்து தூண் மாதிரி மேல எழும்பும், தெர்மல்னு சொல்றது இதைத்தான், அதுக்குள்ள நுழைஞ்சு வட்டம் போட்டுக்கிட்டே மேல ஏறி, போதுமான உயரம் வந்ததும் இறக்கையை விறைப்பா வெச்சுக்கிட்டு அடுத்த தெர்மல் வரைக்கும் சறுக்கிக்கிட்டே போயிடும். இன்னொரு வழி மலைத்தொடர். காத்து நீளமான மலைச்சரிவுல குறுக்கால மோதினா வேற வழியில்லாம மேல எழும்பும், அந்த எழும்புற காத்து மேல உக்காந்துக்கிட்டு பருந்து தொடரோட விளிம்பை ஒட்டியே மணிக்கணக்கா போகும், சில நேரம் உங்க கண் மட்டத்துக்கே வரும், அதுக்கும் கீழ போகும், முதுகுப்பக்கம் எப்படி இருக்குன்னு பாக்குற வாய்ப்பு அப்பதான்.

தண்ணி மேல இந்த மாதிரி காத்து சரியா எழும்பாது. அதனால கடல், பெரிய ஏரி எது வந்தாலும் பருந்துங்க கரையோரமா ஒதுங்கி ஒதுங்கி ஒரே இடத்துல குவியும். மெக்சிகோவுல வெராக்ரூஸ்ல ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் வளைகுடா, நடுவுல இருக்குற ஒடுக்கமான சமவெளி வழியா ஒவ்வொரு இலையுதிர் காலத்துலயும் 40 லட்சத்துக்கு மேல இரைகொல்லிப் பறவைங்க போகுது. ஜார்ஜியா நாட்டுல படூமியில கருங்கடலுக்கும் மலைக்கும் நடுவுல 10 லட்சத்துக்கு மேல, அங்க 2008ல இருந்து முறையா எண்ணுறாங்க. அமெரிக்காவுல டுலூத் ஊரு மேல இருக்குற ஹாக் ரிட்ஜ்ல, சுப்பீரியர் ஏரியைத் தாண்ட மனசில்லாம கரையோரமா திரும்புற பருந்துங்க 2003 செப்டம்பர் 15 அன்னிக்கு ஒரே நாள்ல ஒரு லட்சத்தைத் தாண்டிச்சு. தாய்லாந்துல சும்போன் பக்கம் காவ் டின்சோர் மலை, நேபாளத்துல பொக்காரா பக்கம் தூலாகர்க்கா, எல்லாமே இதே கதைதான், நிலம் ஒடுங்குற இடம் இல்லன்னா மலை வழிகாட்டுற இடம்.

உங்களுக்குப் பக்கத்துல பேரு போன இடம் எதுவும் இல்லன்னாலும் பரவால்ல. மேப்பை எடுத்து வெச்சு நீளமான மலைத்தொடர் எங்க இருக்குன்னு பாருங்க, அது வலசை போற திசைக்கு ஓரளவு ஒத்துப் போகுதா, நடுவுல எங்கயாவது ஒடுங்குதா, தொடர் சட்டுன்னு முடியிற முனை இருக்கா. உச்சியில நின்னா பறவை வர்ற திசைப்பக்கம் நல்லா திறந்து தெரியணும், இதான் முக்கியம். பின்பக்கம் மரம் மறைச்சாலும் சமாளிச்சுக்கலாம், முன்பக்கம் மறைச்சா பறவை தலைக்கு மேல வந்தப்புறம்தான் தெரியும், அதுக்குள்ள பாதி தப்பிச்சிருக்கும்.

எந்த நாள் போறதுன்னு கேட்டா, பூமியோட வடக்குப் பாதியில ஆகஸ்ட்ல தொடங்கி நவம்பர் வரைக்கும் தெற்கு நோக்கிப் போறதுதான் எண்ணுறதுக்கு வசதி, அந்த வருஷம் பொறந்த குஞ்சுங்களும் சேந்து போறதால எண்ணிக்கை அதிகம். ஆனா எல்லா இனமும் ஒரே நேரத்துல போறதில்ல, ஒவ்வொண்ணுக்கும் அதோட வாரம்னு ஒண்ணு இருக்கு. கிழக்கு வட அமெரிக்காவுல பிராட்-விங்ட் ஹாக் செப்டம்பர் நடுவுல கூட்டம் கூட்டமா வந்து சில நாள்ல முடிஞ்சிடும், அதுக்கப்புறம் சின்ன வைரி வகைங்க, அதுக்கப்புறம் செவ்வால் பருந்து, கோல்டன் ஈகிள் எல்லாம் குளிர் ஏறினப்புறம்தான். படூமியில தேன்பருந்து ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரம், ஸ்டெப் பஸர்ட் அதுக்கு ரொம்ப பின்னாடி. நீங்க போற இடத்தோட பழைய கணக்கு இருந்தா அதை ஒரு தடவை படிச்சிட்டுப் போங்க, எந்த வாரம் எது வரும்னு தெரிஞ்சிருந்தா கண்ணு பாதி தயாரா இருக்கும்.

அப்புறம் காத்து. மழையும் மேகமுமா ரெண்டு நாள் அடைச்சு வெச்சிட்டு, குளிர்ந்த காத்து வந்து வானம் வெளுக்குதுன்னு வெச்சுக்கோங்க, அதுக்கு அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்தான் பொதுவா பெரிய நாள், ஏன்னா அது வரைக்கும் கிளம்ப முடியாம காத்திருந்த பறவை எல்லாம் சேந்து கிளம்பும். பென்சில்வேனியாவுல இருக்குற ஹாக் மவுண்டன்ல வடமேற்குக் காத்துக்கு எல்லாரும் காத்திருப்பாங்க, அங்க கிட்டடினி மலைத்தொடர் வடகிழக்கு தென்மேற்கா ஓடுறதால வடமேற்குக் காத்து சரியா குறுக்கால வந்து மோதும். உங்க மலை வேற திசையில ஓடினா உங்களுக்கு வேற காத்து. அதை மட்டும் பாத்து வெச்சுக்கோங்க, அடுத்தவங்க மலைக்கு சொன்ன காத்தை உங்க மலைக்குப் போட்டுப் பாக்காதீங்க. மழை, அடர்ந்த பனிமூட்டம், எதிர்க்காத்து பலமா இருக்குற நாள்ல பருந்தும் உக்காந்துதான் இருக்கும்.

சாமான் பத்தி ரொம்ப அலட்டிக்க வேண்டாம். பைனாகுலர் 8×42 இல்லன்னா 10×42, ரெண்டும் ஓகே, முதல் நம்பர் எத்தனை மடங்கு பெரிசா காட்டும்ங்கிறது, ரெண்டாவது முன் லென்ஸோட அகலம் மில்லிமீட்டர்ல. 10 மடங்குல தூரத்துப் பறவை கொஞ்சம் பெரிசா தெரியும், ஆனா கை ஆட்டமும் பெரிசா தெரியும், ஒரே பார்வையில சிக்குற வானமும் பொதுவா குறையும், நாள் முழுக்க தூக்கிப் பிடிக்கணும்னு யோசிச்சுக்கோங்க. என்னைக் கேட்டா தேடுறவங்களுக்கு 8, பேரு சொல்றவங்களுக்கு 10. ஸ்கோப், அதாவது ஸ்டாண்டுல மாட்டி ஒத்தைக் கண்ணால பாக்குற தொலைநோக்கி, இருந்தா நல்லது, ஆனா அது தேடுறதுக்கு இல்ல, பைனாகுலர்ல கிடைச்ச புள்ளி என்னன்னு உறுதிப்படுத்திக்கத்தான். கைல அமுக்கி எண்ணுற கிளிக்கர் ரெண்டு வேணும், அன்னிக்கு அதிகமா வர்ற இனத்துக்கு ஒண்ணு, அடுத்ததுக்கு ஒண்ணு, மத்ததெல்லாம் நோட்டுல கோடு போட்டுக்கலாம். பேனாவை நம்பாதீங்க, குளிர்லயும் ஈரத்துலயும் மக்கர் பண்ணும், பென்சில் எடுத்துக்கோங்க. சாஞ்சுக்கிற மாதிரி நாற்காலி கண்டிப்பா, ஏன்னா தலைக்கு நேர் மேல பாக்குறதுதான் கழுத்தை உடைக்கிற வேலை. தொப்பி, கூலிங் கிளாஸ், தண்ணி, சாப்பாடு, அப்புறம் கீழ என்ன வெயில் அடிச்சாலும் உச்சியில காத்து குத்தும், ஒரு நாள் முழுக்க அசையாம உக்காரப் போறீங்க, அதனால நடக்குறப்போ போடுறதை விட ரெண்டு அடுக்கு துணி கூட எடுத்துக்கோங்க.

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்லாம விட்டுடுவாங்க. சூரியனைச் சுத்தி இருக்குற வானத்தைத் தேடும்போது பைனாகுலர் தப்பித்தவறி கூட சூரியன் மேல படக்கூடாது, ஒரு கணம் போதும், கண்ணு நிரந்தரமா கெட்டுப் போகும். அந்தப் பக்கத்தை ஒரு பாறையாலயோ கையாலயோ சூரியனை மறைச்சுக்கிட்டு வெறும் கண்ணால, கூலிங் கிளாஸோட பாருங்க.

சில இடத்துல நீளக் கம்பு நுனியில பிளாஸ்டிக் ஆந்தை பொம்மை மாட்டி வெச்சிருப்பாங்க, ஹாக் மவுண்டன்ல இது ரொம்ப நாளா நடக்குது. ஆந்தைன்னா சின்ன பருந்துங்களுக்கு ஆகவே ஆகாது, திட்டித் தீர்க்குறதுக்காகவே வழியை விட்டு இறங்கி வந்து பொம்மை தலை மேல பாயும், உங்களுக்கு மார்புக்கோடு, வால்பட்டை எல்லாம் பளிச்சுன்னு தெரியும். நல்ல வேடிக்கைதான், ஆனா பொறுப்பா எண்ணுற குழு இருக்குற இடத்துல அவங்களைக் கேக்காம நீங்களா ஒண்ணை நட்டு வைக்காதீங்க.

உச்சிக்குப் போனதும் பறவையைத் தேடாதீங்க, முதல் பத்து நிமிஷம் மலையைப் பாருங்க. எதிர்ல தெரியிற மேடு, பள்ளம், கோபுரம், தனி மரம், பாறைன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரோ நம்பரோ வெச்சிடுங்க, கூட இருக்குறவங்க எல்லாருக்கும் அதே பேரு தெரியணும். ஹாக் மவுண்டன்ல உக்காந்து எண்ணுற நார்த் லுக்அவுட்ங்கிற இடத்துல இருந்து தொடர்ல தெரியிற மேடுங்களுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பரே வெச்சிருக்காங்க, யாராவது "மூணுக்கு மேல, ரெண்டு வட்டம் ஒசக்க" அப்படின்னு சொன்னா அடுத்த நொடி எல்லார் பைனாகுலரும் அங்க போயிடும். வட்டம்னா பைனாகுலர்ல ஒரு பார்வையில தெரியிற வட்டம், அதை அளவுகோலா வெச்சு உயரம் சொல்றது. "அதோ அங்க, அந்த மேகத்துக்குப் பக்கத்துல" அப்படின்னா யாருக்கும் கிடைக்காது, மேகம் நூறு இருக்கு.

அதோட உங்க இடத்து வழியா ஒரு கற்பனைக்கோடு போட்டுக்கோங்க, வலசைத் திசைக்குக் குறுக்கால. அந்தக் கோட்டைத் தாண்டி போக வேண்டிய பக்கம் போன பறவைக்குத்தான் கணக்கு. தூரத்துல தெரிஞ்ச உடனே கிளிக் பண்ணிட்டா, அது திரும்பிப் போய் மறுபடி வந்தா மறுபடி கிளிக் பண்ணுவீங்க, இப்படித்தான் கணக்கு வீங்கும்.

இப்போ தேடுறது எப்படி. புதுசா வர்றவங்க பைனாகுலரை வானத்துல வீசி வீசி ஆட்டுவாங்க, அதுல ஒண்ணும் சிக்காது. மலை விளிம்புல இடது ஓரத்துல ஆரம்பிச்சு மெதுவா வலது ஓரம் வரைக்கும் நகத்துங்க, ஒவ்வொரு நிறுத்தத்துலயும் ஒண்ணு ரெண்டு நொடி நில்லுங்க, அடுத்த நிறுத்தம் முந்தினதுல கொஞ்சம் மேல படியிற மாதிரி இருக்கட்டும். ஓரம் வந்ததும் ஒரு வட்டம் மேல ஏறி திரும்பி வாங்க. அப்புறம் இன்னொரு வட்டம் மேல. அப்புறம் பைனாகுலரை இறக்கிட்டு வெறும் கண்ணால தலைக்கு மேல, அப்புறம் கீழ பள்ளத்தாக்குப் பக்கம், பூனைப்பருந்து மாதிரி சிலது தாழ்வா ஊர்ந்துக்கிட்டே போயிடும், எல்லாரும் வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கும்போது காலடியில போகும். போகஸை தூரத்துக்கு வெச்சுட்டு அடிக்கடி சரி பாருங்க, வெறும் நீலவானத்துல கண்ணு தானா கிட்டக்க போகஸ் ஆயிடும், பறவை எதிர்லயே இருந்தும் தெரியாது.

நீலவானம் அழகுதான், ஆனா எண்ணுறவங்களுக்கு அதை விட எதிரி கிடையாது. மேகமே இல்லாத நாள்ல உயரத்துல போற பருந்து நீலத்துல கரைஞ்சே போயிடும், வெள்ளை மேகம் அங்கங்க இருந்தா அது பின்திரை மாதிரி, புள்ளி பளிச்சுன்னு விழும். அதனால மேகத்தை விடாதீங்க, ஒவ்வொரு மேகத்தோட அடியையும் ஓரத்தையும் தடவிக்கிட்டே இருங்க, தெர்மல் உச்சியிலதான் அந்த மேகமே உருவாகுது, பருந்தும் அங்கதான் இருக்கும். கண்ணுக்குள்ள மிதக்குற தூசி மாதிரி புள்ளிங்களை பருந்துன்னு அறிவிச்சு எல்லாரையும் எழுப்பிவிடுறது, தும்பி, பட்டாம்பூச்சி, தூரத்து விமானத்துக்கு ஆளாளுக்கு இனம் சொல்றது, இதெல்லாம் எல்லா லுக்அவுட்லயும் நடக்குறதுதான், வெக்கப்பட வேண்டாம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணுக்கு ஓய்வு குடுங்க, ரெண்டு பேரு இருந்தா மாத்தி மாத்தி, ஒருத்தர் கண்ணை மூடுறப்போ இன்னொருத்தர் தேடணும்.

இனி கூட்டம் வந்தா என்ன பண்றதுன்னு. இதுதான் எல்லாரையும் பயமுறுத்துறது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ஒரு தெர்மல்ல நூறு பருந்து, ஆயிரம் பருந்து சேந்து சுத்தும், கெட்டில்னு சொல்லுவாங்க, மேல போறது கீழ வர்றது ஒண்ணுக்குள்ள ஒண்ணு குறுக்க போறதுன்னு ஒரே கலவரமா இருக்கும். அது சுத்துற வரைக்கும் எண்ண முயற்சியே பண்ணாதீங்க. சுத்துறதை எண்ணினா மூணு பேரு மூணு கணக்கு சொல்வீங்க. காத்திருங்க. தெர்மலோட உச்சிக்குப் போனதும் மேல இருக்குறது ஒவ்வொண்ணா சுத்துறதை நிறுத்திட்டு இறக்கையை மடக்கின மாதிரி வெச்சுக்கிட்டு ஒரே திசையில சறுக்க ஆரம்பிக்கும், பின்னாடியே அடுத்தது, அடுத்ததுன்னு ஒரு நீளமான வரிசை உருவாகும். அதைத்தான் எண்ணணும். பைனாகுலரை வரிசைக்கு முன்னாடி ஒரு இடத்துல, மேக ஓரமோ மலைமுனையோ ஏதாவது நகராத மாதிரி ஒண்ணுக்கு நேரா நிறுத்திட்டு, அந்தப் பார்வைக்குள்ள வந்து கடக்குறதை கிளிக் கிளிக்னு அமுக்கிக்கிட்டே இருங்க. வரிசையோட சேந்து பைனாகுலரை நகத்தாதீங்க, நகத்தினா எது எண்ணினது எது எண்ணாததுன்னு குழம்பிடும். மேகமும் நகரும்ங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க, மெதுவா நகர்ற மேகம்னா ஓகே.

வரிசை வேகமா அடர்த்தியா போனா ஒண்ணு ஒண்ணா எண்ண முடியாது, அப்போ அஞ்சு அஞ்சா, இல்லன்னா பத்து பத்தா. முதல்ல பத்தை நிஜமாவே எண்ணுங்க, பத்து பறவை எவ்ளோ இடத்தை அடைக்குதுன்னு கண்ணுல பதிச்சுக்கோங்க, அந்த அளவை எடுத்து வரிசை மேல வெச்சு வெச்சு ஒவ்வொரு பத்துக்கும் ஒரு கிளிக். வரிசை நடுவுல அடர்த்தியாகும், ஓரத்துல விலகும், அதனால ஒவ்வொரு கொஞ்ச நேரத்துக்கும் மறுபடி ஒரு பத்தை எண்ணி அளவைச் சரி பண்ணிக்கணும். ஒரு கிளிக்குக்கு எத்தனைங்கிறதை நோட்டுல அப்பவே எழுதிடுங்க, சாயங்காலம் "கிளிக்கர்ல 340 இருக்கு, இது 340ஆ 3400ஆ" அப்படின்னு முழிச்சா யாரும் உதவிக்கு வர முடியாது. பெரிய கூட்டத்தை குத்துமதிப்பா சொல்லச் சொன்னா பெரும்பாலானவங்க குறைச்சுத்தான் சொல்வாங்க, சின்னக் கூட்டத்துல பழகிப் பாத்தீங்கன்னா உங்க கண்ணு எவ்ளோ குறைக்குதுன்னு தெரிஞ்சிடும், ஒரு போட்டோ எடுத்துட்டு முதல்ல மதிப்பு சொல்லிட்டு அப்புறம் ஸ்கிரீன்ல பெரிசாக்கி எண்ணிப் பாக்குறது நல்ல பயிற்சி.

கலந்த கூட்டம்னா முதல்ல மொத்தத்தை எண்ணிடுங்க, மொத்தம்தான் திரும்பக் கிடைக்காது. கூட இருக்குறவர் அதே நேரத்துல வரிசையோட ஒரு துண்டை எடுத்து அதுல எது எத்தனைன்னு பாக்கட்டும், முன்னாடி ஒரு துண்டு, நடுவுல ஒண்ணு, கடைசியில ஒண்ணு. அந்த விகிதத்தை மொத்தத்துக்குப் போட்டுக்கலாம்.

பேரு கண்டுபிடிக்கிறதுக்கு வருவோம். கைல புத்தகத்தை வெச்சுக்கிட்டு இறகு நிறத்தைத் தேடுற பழக்கத்தை மலையடிவாரத்துலயே விட்டுட்டு வாங்க, ரெண்டு கிலோமீட்டர் தூரத்துல நிறமெல்லாம் தெரியாது, உருவமும் அசையிற விதமும்தான் தெரியும். முதல்ல எந்த வகைன்னு மட்டும் முடிவு பண்ணுங்க. அகலமான இறக்கை, குட்டை வால், விசிறி மாதிரி விரிச்சு சுத்திக்கிட்டே இருந்தா பஸர்ட் வகை. குட்டையா உருண்டை இறக்கை, நீள வால், நாலஞ்சு அடி அடிச்சுட்டு ஒரு சறுக்கு, மறுபடி அடி மறுபடி சறுக்குன்னு போனா வைரி வகை. கூர்மையான இறக்கை, நேர்கோட்டுல அவசர வேலை இருக்குற மாதிரி போனா வல்லூறு. நீள இறக்கையை மேல தூக்கி வி வடிவத்துல வெச்சுக்கிட்டு தள்ளாடித் தள்ளாடி தாழ்வா வந்தா பூனைப்பருந்து. சறுக்கும்போது இறக்கை மணிக்கட்டுல மடிஞ்சு கடல்காக்கா மாதிரி தெரிஞ்சா விராலடிப்பான். பலகை மாதிரி பெரிய இறக்கை, அடிக்கிறதே அபூர்வம், காத்து எவ்ளோ அடிச்சாலும் ஆடாம போகுதுன்னா கழுகு. தேன்பருந்து பஸர்ட் மாதிரிதான் இருக்கும், ஆனா தலை சின்னதா புறா தலை மாதிரி முன்னாடி நீண்டுக்கிட்டு இருக்கும். வால் நடுவுல லேசா பிளந்திருந்தா கள்ளப்பருந்தான்னு பாருங்க, ஆனா வாலை முழுசா விரிச்சா அந்தப் பிளவு காணாம போயிடும், அதை மட்டும் நம்பி உக்காந்துடாதீங்க.

இதுல இன்னொரு விஷயம், காத்து பலமா இருந்தா ஒரே பறவை வேற உருவத்துல தெரியும். பலமான காத்துல பஸர்ட் கூட இறக்கையை பின்னாடி மடக்கிக்கிட்டு வல்லூறு மாதிரி கூர்மையா வரும். அதனால ஒரு நொடி பாத்து பேரு சொல்லாதீங்க, அது ஒரு தடவையாவது இறக்கை அடிக்கிற வரைக்கும், இல்லன்னா ஒரு வட்டம் போடுற வரைக்கும் பாருங்க. அப்படியும் தெரியலையா, "அடையாளம் தெரியாத வைரி", "அடையாளம் தெரியாத பெரிய பருந்து" அப்படின்னு எழுதுங்க, அதுக்குன்னே கணக்கு எழுதுற தாள்ல கட்டம் இருக்கு. அந்தக் கட்டம் காலியா இருக்குற தாளைப் பாத்தா எனக்கு சந்தேகம்தான் வரும், நாள் முழுக்க ஒண்ணு கூட நழுவலைன்னா ஒண்ணு தூரத்துப் பறவையை அவரு பாக்கவே இல்ல, இல்லன்னா யூகத்தை உண்மையா எழுதியிருக்காரு.

வயசு தெரிஞ்சா அதையும் குறிச்சுக்கோங்க, முதிர்ந்ததா குஞ்சான்னு. இது சும்மா கூடுதல் வேலை மாதிரி தோணும், ஆனா இதுக்கு ஒரு வரலாறே இருக்கு. ஹாக் மவுண்டன் ஒரு காலத்துல வேட்டைக்காரங்க வரிசையா நின்னு பருந்துகளை சுட்டுத் தள்ளுற இடம், 1934ல ரோசலி எட்ஜ்ங்கிற அம்மா அந்த மலையையே குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் ப்ரூனைக் காவலுக்கு வெச்சு சுடுறதை நிறுத்தினாங்க. ப்ரூன் உச்சியில உக்காந்து எண்ண ஆரம்பிச்சாரு. 1935 முதல் 1939 வரைக்கும் அங்க வந்த வெண்தலைக் கழுகுல 40 சதவீதம் குஞ்சுங்க, 1955 முதல் 1959 வரைக்கும் பாத்தா 20 சதவீதம்தான், 1957ல 32 முதிர்ந்த கழுகுக்கு ஒரே ஒரு குஞ்சு. மொத்தக் கணக்கு மட்டும் எழுதியிருந்தா குஞ்சு குறைஞ்சது வெளியே வந்திருக்கவே செய்யாது. 1962ல ரேச்சல் கார்சன்ங்கிற எழுத்தாளர் பூச்சிமருந்துக்கு எதிரா எழுதினப்போ இந்தக் கணக்கை சாட்சியா வெச்சாங்க, 1972ல அமெரிக்காவுல டிடிடிங்கிற பூச்சிமருந்துக்கு தடை வந்துச்சு. வெண்தலைக் கழுகுக்கு தலை வெளுக்க அஞ்சு வருஷம் போல ஆகும், அதனால குஞ்சு எதுன்னு தூரத்துலயே சொல்லிடலாம். எல்லா இனத்துலயும் இவ்ளோ சுலபம் இல்ல, தெரியலன்னா வயசுக் கட்டத்துலயும் தெரியலன்னே போடுங்க.

எதை எண்ணக்கூடாதுன்னும் தெரிஞ்சுக்கணும். எல்லா மலையிலயும் அங்கயே குடியிருக்குற பருந்து ஒண்ணு ரெண்டு இருக்கும், காலைல இருந்து அதே பள்ளத்தாக்குல சுத்தும், மரத்துல உக்காரும், கால் தொங்கவிட்டுக்கிட்டு அடுத்தவனைத் துரத்தும். அதோட அடையாளம் ஏதாவது, உடைஞ்ச இறகு, வால்ல இடைவெளி, எதையாவது பிடிச்சு வெச்சுக்கோங்க, இல்லன்னா அது ஒண்ணே பத்து பருந்தா கணக்குல ஏறிடும். எதிர்த்திசையில போறதை வலசைக் கணக்குல சேக்காதீங்க. ரெண்டு மூணு பேரு சேந்து பாக்குறீங்கன்னா கணக்கு எழுதுறது ஒருத்தர் மட்டும்தான், மத்தவங்க கண்டுபிடிச்சுக் குடுக்கணும், அவரு "எடுத்தாச்சு" அப்படின்னு சத்தமா சொல்ற வரைக்கும் அது கணக்குல இல்ல. இந்த ஒரு பழக்கம் பாதி சண்டையை நிறுத்தும்.

ஒவ்வொரு மணி நேரமும் முடிஞ்சதும் கிளிக்கரை தாள்ல இறக்குங்க, நாள் கடைசியில மொத்தமா எழுதலாம்னு விடாதீங்க. கூடவே காத்து எந்தப் பக்கம், எவ்ளோ வேகம், வெப்பநிலை, மேகம் எத்தனை சதவீதம், எவ்ளோ தூரம் தெரியுது, பறவை எவ்ளோ உயரத்துல போகுது, வெறும் கண்ணுக்குத் தெரியிற உயரமா பைனாகுலர் இல்லாம தெரியாத உயரமா, எத்தனை பேரு பாத்தீங்க, எல்லாம். பத்து பருந்துன்னு மட்டும் எழுதினா அதுக்கு அர்த்தமே இல்ல, ஒரு மணி நேரத்துல பத்தா எட்டு மணி நேரத்துல பத்தாங்கிறதுதான் கேள்வி. கோடைக்கு கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கிற நாட்டுல இருந்தீங்கன்னா, தாள்ல தள்ளாத நேரத்தைப் போடுறதுதான் வட அமெரிக்க வழக்கம், அப்பதான் செப்டம்பரையும் நவம்பரையும் ஒண்ணா வெச்சுப் பாக்க முடியும். சைபர் வந்த மணி நேரத்துல சைபர்னு போடுங்க, காலியா விட்டா பாக்கலைன்னு அர்த்தம்.

மதியம் பதினொண்ணு பன்னெண்டுக்கு மேல திடீர்னு எல்லாம் ஓஞ்சு போகும், புதுசா வந்தவங்க மூட்டை கட்டுற நேரம் இது. பறவை போயிடல, தெர்மல் பலமானதால கண்ணுக்கு எட்டாத உயரத்துல போகுது. இந்த நேரத்துலதான் நாற்காலியில சாஞ்சு தலைக்கு மேல மேகத்தைத் தேடணும், சாப்பாட்டையும் ஆளாளுக்குப் பிரிச்சு முறை வெச்சு சாப்பிடுங்க, எல்லாரும் ஒரே நேரத்துல டப்பாவைத் திறக்குறப்போதான் நாளோட பெரிய கூட்டம் மேல போயிட்டு இருக்கும். மூணு மணிக்கு மேல தரை ஆறி தெர்மல் தளர்ந்ததும் பறவைங்க கீழ இறங்கும், அப்போ நல்லா கிட்டக்க பாக்கலாம். விராலடிப்பான், பூனைப்பருந்து, வல்லூறு எல்லாம் தெர்மலை நம்பி இருக்குறதில்ல, அடிச்சுக்கிட்டே போகும், அமூர் வல்லூறு இந்தியப் பெருங்கடலையே தாண்டி ஆப்பிரிக்கா போகுதே. அதனால அதுங்க காலைல சீக்கிரமும் சாயங்காலம் லேட்டாவும் வரும், தும்பிங்க வலசை போற நாள்னா அதைப் பிடிச்சுத் தின்னுக்கிட்டே போற சின்ன வல்லூறுகளைப் பாக்கலாம்.

வேடிக்கை பாக்க வர்றவங்க கேள்வி கேப்பாங்க, பதில் சொல்லுங்க, ஆனா கண்ணை வானத்துல இருந்து எடுக்காம சொல்லுங்க. குழுவுல ஒருத்தரை அதுக்குன்னே ஒதுக்கிட்டா இன்னும் நல்லது. இடி சத்தம் கேட்டா யோசிக்காம இறங்குங்க, உச்சியில டிரைபாடோட நிக்கிறதை விட முட்டாள்தனம் கிடையாது, எந்த மணிக்கு நிறுத்தினீங்கன்னு மட்டும் தாள்ல எழுதிட்டு ஓடுங்க.

பொழுது சாய்றதுக்கு முன்னாடி, இறங்குற பாதை கண்ணுக்குத் தெரியிற வெளிச்சம் இருக்கும்போதே முடிச்சுக்கோங்க. அங்கயே உக்காந்து மணிவாரியா கூட்டி, இனவாரியா கூட்டி, ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாருங்க, வீட்டுக்குப் போய் பாத்தா எந்தக் கோடு எதுக்குன்னு மறந்திருக்கும். அன்னிக்கே இணையதளத்துல பதிவு ஏத்திடுங்க, வட அமெரிக்கான்னா ஹாக்கவுண்ட், ஐரோப்பாவுல நிறைய பேரு ட்ரெக்டெல்லன்ல போடுறாங்க, எங்க இருந்தாலும் இபேர்ட் இருக்கு. அபூர்வமா ஏதாவது வந்திருந்தா போட்டோ இல்லன்னாலும் என்ன பாத்தீங்கன்னு நாலு வரி எழுதுங்க, பேரை மட்டும் போட்டா அடுத்தவங்க நம்புறதா வேண்டாமான்னு தெரியாம நிப்பாங்க. மூட்டை கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு கிளிக்கரையும் சைபருக்குத் திருப்பி வெச்சுடுங்க, பைக்குள்ள ஏதாவது இடிச்சு தானா அமுங்கும், அதனால நாளைக்கு உச்சியில உக்காந்ததும் மறுபடி ஒரு தடவை பாத்துட்டு ஆரம்பிங்க.